ஒரு புல்வெளியில் உயிர்கள் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன: செரெங்கேட்டியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புல்வெளிச் சூழலைப் பற்றி நமக்குப் பள்ளியில் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் ஓர் உணவுச் சங்கிலிதான். புல்லை மான் உண்கிறது, மானைச் சிங்கம் உண்கிறது, இறந்த சிங்கத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன என்று அது முடிந்துவிடும். அதில் பிழையான செய்தி ஏதும் இல்லை. இருப்பினும், அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் உண்மையான புல்வெளியில் அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க முயன்றால், பெரிய மாற்றங்கள் அனைத்தும் நம் கணிப்புக்கு வெளியே நிகழ்வதைக் காண்போம். மாடுகளைத் தாக்கும் ஒரு வைரஸ், ஒரு நாட்டுப்பரப்பில் எத்தனை மரங்கள் நிற்கும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. ஓர் எறும்பு, சிங்கம் எந்த விலங்கை வேட்டையாடும் என்பதை மாற்றியிருக்கிறது. இத்தகைய விளைவுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் களம், தான்சானியாவின் வடபகுதியில் உள்ள செரெங்கேட்டியும் அதனோடு தொடர்ந்து கிடக்கும் கென்யாவின் மாரா பகுதியும் ஆகும். 1951ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட செரெங்கேட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அங்கே 1950களின் இறுதியிலிருந்தே விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணி வருகிறார்கள். ஓர் உயிரினம் பெருகியபோதும் குறைந்தபோதும் மற்றவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இவ்வளவு நீண்ட காலப் பதிவு கொண்ட புல்வெளி உலகில் மிகச் சிலவே.

படிக்கும்போது ஒவ்வோர் உயிரினத்தைக் குறித்தும் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ள வேண்டும். அது எதை உண்கிறது, எதற்கு உணவாகிறது? அது அங்கே இருப்பதால் மண்ணும் நீரும் வெளிச்சமும் மறைவிடமும் எவ்வாறு மாறுகின்றன? அதை அங்கிருந்து எடுத்துவிட்டால், அந்த மாற்றம் இரண்டு மூன்று கைமாறி யாரைச் சென்றடையும்? முதல் கேள்விக்கு விடை எளிதில் கிடைத்துவிடும். மூன்றாவதுதான் உழைப்பைக் கோருவது. கிடைக்கும் விடைகளை, உயிர்களை அம்புக்குறிகளால் இணைக்கும் ஒரு வரைபடமாகத் தாளில் வரைந்துகொண்டே செல்லுங்கள்; ஒன்று மற்றொன்றைப் பெருக்கினால் கூட்டல் குறியும், குறைத்தால் கழித்தல் குறியும் இடுங்கள். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதியும் அதற்காகவே.

படி 1: உயிர்களுக்கு முன் மண்ணையும் மழையையும் வரைந்துகொள்ளுங்கள்

உயிர்களின் உறவுகளை ஆராயும்போது மண்ணையும் மழையையும் பின்னணி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்கினால் செரெங்கேட்டியின் மிகப் பெரிய நிகழ்வான விலங்குகளின் இடப்பெயர்வே விளங்காது. அங்கே தென்கிழக்கில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; வடமேற்கு நோக்கிச் செல்லச் செல்ல அது இரு மடங்காகிறது. தென்கிழக்குச் சமவெளியின் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அந்தப் பக்கத்து எரிமலைகளில் ஓல் டோய்ன்யோ லெங்காய் இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. சாம்பலிலிருந்து கரைந்த சுண்ணாம்பு, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே கெட்டியான அடுக்காகப் படிந்திருப்பதால் மரங்களின் வேர்கள் ஆழமாக இறங்க முடிவதில்லை. குட்டைப் புற்கள் அங்கே தடையின்றிப் பரவுகின்றன.

மழை குறைந்த அந்தத் தென்கிழக்குப் பகுதிக்குத்தான் வில்டபீஸ்ட் எனப்படும் மாட்டுருவ மான்கள் மழைக்காலத்தில் இலட்சக்கணக்கில் வந்து கன்று ஈனுகின்றன. காரணம், சாம்பல் மண்ணில் வளரும் புல்லில் பால் சுரக்கும் தாய்க்குத் தேவையான கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்திருக்கின்றன. புல் குட்டையாக இருப்பதால் பதுங்கி வரும் விலங்கைத் தொலைவிலேயே காணவும் முடிகிறது. மழை ஓய்ந்ததும் அங்கே நீர் வற்றிவிடுகிறது. மந்தைகள் வடமேற்கே நகர்ந்தாக வேண்டும். ஆகவே உங்கள் வரைபடத்தின் முதல் அடுக்கில் மழை, மண், நிலைத்த நீர்நிலை ஆகிய மூன்றையும், அவை பருவந்தோறும் மாறும் விதத்தையும் குறித்துவிடுங்கள்.

படி 2: புல் வெறும் உணவு அன்று என்பதை உணருங்கள்

பெரும்பாலான செடிகள் நுனியில் வளர்கின்றன; நுனியைக் கடித்துவிட்டால் வளர்ச்சி தடைப்படும். புல்லின் வளர்முனையோ தரையை ஒட்டி, இலைகளின் அடியில் இருக்கிறது. மேலே மேயப்பட்டாலும் கீழிருந்து மீண்டும் தழைக்கும் இந்த அமைப்பே புல்வெளி என்ற சூழல் நிலைத்திருப்பதற்கு அடிப்படை.

மேய்ச்சல் புல்லுக்கு என்ன செய்கிறது என்பதை அறிய, சாமுவேல் மெக்நாட்டன் என்ற சூழலியலாளர் 1970களில் செரெங்கேட்டியில் சிறு சிறு இடங்களை வேலியிட்டு அடைத்தார். வில்டபீஸ்ட் மந்தை கடந்து சென்ற இடங்களில் சில நாட்களுக்குள் பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தீர்ந்துபோயிற்று. ஆனால் அடுத்த சில வாரங்களில் அதே இடங்கள் மீண்டும் துளிர்த்து அடர்ந்தன. வேலிக்குள் தீண்டப்படாமல் நின்ற புல் முதிர்ந்து வாடத் தொடங்கியது. பின்னர் வந்த தாம்சன் சிறுமான்கள் மேயப்பட்ட இடங்களையே நாடிச் சென்றன. மந்தை, முதிர்ந்த தாள்களை அகற்றி வெளிச்சத்தை அடிவரை இறங்க விட்டது. சாணத்தாலும் சிறுநீராலும் தழைச்சத்தை மண்ணுக்குத் திருப்பியது. அதனால் எழுந்த இளந்துளிர் சத்து மிக்கதாக இருந்தது.

இதிலிருந்து ‘மேய்ச்சல் எப்போதும் புல்லுக்கு நல்லது’ என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. அது ஆபத்தான முடிவு. மேய்ந்த பின் மந்தை நகர்ந்து சென்றதாலும், மண்ணில் ஈரம் மிச்சமிருந்ததாலுமே அந்தப் புல் மீண்டது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அதே மேய்ச்சல் மண்ணை வெறுந்தரையாக்கிவிடும். எனவே மேய்விலங்கிலிருந்து புல்லுக்குச் செல்லும் அம்புக்குறியில் கழித்தல் குறியையும் கூட்டல் குறியையும் ஒருசேர இட்டு, எந்த நிலையில் எது பொருந்தும் என்பதையும் அருகே எழுதுங்கள்.

படி 3: ஒரே புல்லைப் பகிரும் விலங்குகளைப் பிரித்துப் பாருங்கள்

செரெங்கேட்டியில் வரிக்குதிரை, வில்டபீஸ்ட், தாம்சன் சிறுமான் மூன்றும் புல்வெளியில்தான் மேய்கின்றன. இருந்தும் அவற்றின் வயிறுகள் வேறு. வரிக்குதிரை அசைபோடாத விலங்கு. உணவு அதன் குடலின் பின்பகுதியில் நொதிக்கிறது, விரைவாகக் கடந்தும் செல்கிறது. ஆகவே சத்துக் குறைந்த முரட்டுத் தாள்களையும் அதிக அளவில் தின்று அது வாழ முடியும். அசைபோடும் வில்டபீஸ்டுக்கு இலைப்பகுதி வேண்டும். உடல் சிறிய தாம்சன் சிறுமானுக்குச் சத்து மிகுந்த குறுந்துளிர்களும் புல்லிடையே வளரும் பூண்டுகளும் தேவை. உயர்ந்த புல்லுக்குள் முதலில் வரிக்குதிரையும், அதன்பின் வில்டபீஸ்டும், இறுதியில் சிறுமானும் வருவதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்தனர்.

முன்செல்லும் விலங்கு பின்வருவதற்கு வழி திறந்துவிடுகிறது என்பதே பல ஆண்டுகள் சொல்லப்பட்ட விளக்கம். விலங்கு செல்லும் இடத்தைப் பதியும் கழுத்துப்பட்டைக் கருவிகளும் தானியங்கிக் கேமராக்களும் வந்த பிறகு படம் இன்னும் தெளிவாயிற்று. சிறுமான் வில்டபீஸ்டைப் பின்தொடர்வது உண்மையில் அது திறந்துவிட்ட துளிருக்காகவே. ஆனால் வரிக்குதிரை முன்னே செல்வதற்குப் பின்வருபவரிடம் காட்டும் கருணை காரணம் அன்று. பெருந்திரளான வில்டபீஸ்ட் வந்துவிட்டால் தனக்குப் புல் மிஞ்சாது என்ற போட்டியே அதை முன்னே தள்ளுகிறது. ஒரே ஊர்வலத்தின் ஒரு முனையில் போட்டியும் மறுமுனையில் உதவியும் செயல்படுகின்றன. இரண்டு விலங்குகள் அருகருகே மேய்கின்றன என்பதை மட்டும் பார்த்துவிட்டு அவற்றின் உறவுக்குப் பெயர் சூட்டக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

படி 4: வேட்டை விலங்குகள் யாரைக் கட்டுப்படுத்துகின்றன என்பதைச் சோதியுங்கள்

சிங்கம் ஒரு விலங்கைக் கொன்று தின்கிறது என்பதும், அந்த விலங்கின் எண்ணிக்கையைச் சிங்கம் தீர்மானிக்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள். செரெங்கேட்டியின் வடபகுதியில் 1980களில் கள்ள வேட்டையாலும் நஞ்சு வைக்கப்பட்டதாலும் சிங்கங்களும் கழுதைப்புலிகளும் பெருமளவு அழிந்தன. அந்த ஆண்டுகளில் ஓரிபி, இம்பாலா, டோப்பி போன்ற சிறிய, நடுத்தர மான்கள் பெருகின. வேட்டை விலங்குகள் திரும்பி வந்ததும் மீண்டும் குறைந்தன. அதே இடத்தில் வாழ்ந்த ஒட்டகச்சிவிங்கிகளின் எண்ணிக்கையிலோ அத்தகைய ஏற்றமும் இறக்கமும் காணப்படவில்லை. ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு உட்பட்ட விலங்குகளை வேட்டையும், அதற்கு மேற்பட்ட பெரிய விலங்குகளை உணவுப் பற்றாக்குறையும் கட்டுப்படுத்துகின்றன என்பது இதிலிருந்து ஆய்வாளர்கள் வகுத்த விதி. சிறிய மான் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் நரிக்கும் இரையாகிறது. முதிர்ந்த யானைக்கோ அநேகமாக எதிரியே இல்லை.

வில்டபீஸ்ட் இந்த விதியிலிருந்து தப்புவது மற்றொரு வழியில். குட்டிகளைப் பேணும் சிங்கமும் கழுதைப்புலியும் மந்தையோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்க முடியாது. ஆகவே மந்தை வந்து தங்கும் சில வாரங்கள் மட்டுமே அவற்றுக்கு விருந்து. எஞ்சிய மாதங்களில் அங்கேயே தங்கி வாழும் சில விலங்குகளை நம்பித்தான் அவை உயிர்பிழைக்க வேண்டும். அதோடு பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒருசேரப் பிறந்துவிடுவதால், எதிரிகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். 1993ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் வில்டபீஸ்டுகள் பெருந்தொகையாக மடிந்ததற்குப் பசியே முதற்காரணம். வறண்ட பருவத்தில் கிடைக்கும் பசும்புல்லின் அளவே அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு.

படி 5: சாணத்தையும் பிணத்தையும் விட்டுவிடாதீர்கள்

இந்த அடுக்கைப் பலர் ‘சிதைப்பவை’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். சாணவண்டுகள் சாணத்தை உருண்டையாக்கி மண்ணுக்குள் புதைக்கும்போது சத்து வேருக்கு எட்டுகிறது. ஈக்களின் புழுக்களுக்கும், சாணத்தில் வெளியேறும் குடற்புழு முட்டைகளுக்கும் இடம் இல்லாமல் போகிறது. கறையான்கள் காய்ந்த தாள்களையும் சாணத்தையும் புற்றுக்குள் கொண்டு சேர்ப்பதால், புற்றைச் சுற்றியுள்ள மண் வளம் பெற்று அங்கே வேறு வகைச் செடிகள் முளைக்கின்றன.

ஆற்றையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மாரா ஆற்றைக் கடக்கையில் ஆண்டுதோறும் சராசரியாக 6,000க்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் மூழ்கி இறக்கின்றன. மொத்தம் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட அந்த உடல்களில் ஒரு பகுதியைப் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளும் பெருநாரைகளும் தின்று மீண்டும் நிலத்துக்குக் கொண்டு செல்கின்றன. சதை சில வாரங்களில் கரைந்து மீன்களுக்கு உணவாகிறது. எலும்புகள் கரைவதற்கோ ஏழு ஆண்டுகள் ஆகின்றன, அதுவரை அவை பாஸ்பரசைச் சிறிது சிறிதாக ஆற்றில் விடுகின்றன. எரிமலைச் சாம்பலில் தொடங்கிய பாஸ்பரஸ் புல்லாகி, வில்டபீஸ்டாகி, ஆற்று மீனாவதை இந்தப் படியில் காணலாம். பாறுகள் நஞ்சூட்டிய பிணங்களால் அழியும் இடங்களில், இந்தப் பங்கீடு முழுவதும் மாறிவிடுகிறது.

படி 6: ஒன்று நீங்கும்போது நிகழ்வதைப் பின்தொடருங்கள் – வெக்கை நோயின் கதை

இதுவரை வரைந்த வரைபடம் சரியா என்று சோதிக்கும் இடம் இதுவே. ஓர் உயிரினம் முற்றாக நீங்கிய அல்லது புதிதாக நுழைந்த உண்மையான நிகழ்வு ஒன்றைத் தேடி, அதன் விளைவை இறுதிவரை பின்தொடர வேண்டும்.

நம் ஊர்களில் மாடு வளர்ப்போர் பெரிதும் அஞ்சிய வெக்கை நோயின் வைரஸ், 1880களின் இறுதியில் கால்நடைகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் மசாய் மக்களின் மாடுகளில் மிகப் பெரும்பகுதி மாண்டது. பஞ்சம் மக்களைக் கொன்றது. அசைபோடும் காட்டு விலங்குகளான வில்டபீஸ்டும் ஆப்பிரிக்க எருமையும் அதே நோயில் சரிந்தன. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு, தாய்ப்பாலின் வழி வந்த நோயெதிர்ப்பு தீர்ந்த இளங்கன்றுகளை அது ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் குறைந்த எண்ணிக்கையையே இயல்பானது என்று அன்றைய பார்வையாளர்கள் எண்ணியதில் வியப்பில்லை, ஏனெனில் அவர்கள் வேறு எதையும் கண்டதில்லை.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. வில்டபீஸ்ட் ஒன்றுக்குக்கூட ஊசி போடவில்லை. ஆனால் 1963க்குப் பின் பிறந்த கன்றுகளின் இரத்தத்தில் அந்த நோய்க்கான எதிர்ப்புப் பொருளே காணப்படவில்லை. காட்டு விலங்குகள் நோயைத் தாமே தக்கவைத்திருக்கவில்லை, மாடுகளிடமிருந்து மீண்டும் மீண்டும் பெற்று வந்தன என்பது இதனால் உறுதியாயிற்று. 1961இல் ஏறத்தாழ 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்டுகள் 1977இல் 13 லட்சத்தைத் தாண்டின. எருமைகளும் பெருகின. அசைபோடாத, அந்த நோய் தொற்றாத வரிக்குதிரைகள் மட்டும் 2 லட்சம் அளவிலேயே நின்றன. மழையோ புல்லின் மிகுதியோ மட்டும் காரணமாக இருந்தால் வரிக்குதிரையும் பெருகியிருக்க வேண்டும். அது பெருகாமல் நின்றதே நோய்தான் காரணம் என்பதற்கு வலுவான சான்று. 1970களின் முற்பகுதியில் வறண்ட பருவத்து மழை கூடியதும் வில்டபீஸ்டின் பெருக்கத்துக்கு உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளைவு அங்கே நிற்கவில்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாய்கள் புல்லைக் கத்தரித்தபோது, வறண்ட காலத்தில் காய்ந்து நிற்கும் புல் குறைந்தது. எரிவதற்குப் பொருள் இல்லாததால் நெருப்புக் குறைந்தது. செரெங்கேட்டியின் தீயில் பெரும்பகுதி மனிதர் மூட்டுவதே என்றாலும், தீ எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிப்பது காய்ந்த புல். முன்பு ஆண்டுதோறும் தீயில் கருகித் தரைமட்டமாகிக்கொண்டிருந்த வேலங்கன்றுகள் இப்போது தீயின் உயரத்தைக் கடந்து மரங்களாயின. பழைய புகைப்படங்களையும் புதிய புகைப்படங்களையும் ஒப்பிட்டால், ஒரே மேடுகளில் மரங்கள் அடர்ந்திருப்பது தெரிகிறது. இலை மேயும் ஒட்டகச்சிவிங்கிகளுக்கு உணவு கூடியது. கன்றுகள் மிகுந்ததால் சிங்கங்களும் கழுதைப்புலிகளும் பெருகின. மரத்திலும் மண்ணிலும் சேர்ந்த கார்பனின் அளவும் உயர்ந்தது.

மரங்கள் பெருகியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. தந்தத்துக்கான வேட்டையால் யானைகள் 1970களிலும் 1980களிலும் வெகுவாகக் குறைந்தன. யானை குறைந்தாலும் மரம் கூடும். மழையின் அளவும் மாறியது. நெருப்பு, யானை, மழை, காற்றில் கூடிய கரியமில வாயு ஆகிய அனைத்தையும் ஒன்றாக நிறுத்து 2009இல் வெளியான ஆய்வு, நெருப்பின் குறைவே முதன்மைக் காரணம் என்று காட்டியது. உங்கள் வரைபடத்திலும் ஒரு நீண்ட சங்கிலியை வரைந்தவுடன், அதே முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடிய வேறு பாதைகளை எழுதிவைத்து ஒவ்வொன்றையும் சோதித்துக் கழிப்பது கட்டாயம். இதைச் செய்யாத சங்கிலி அழகான கதையாக மட்டுமே நிற்கும்.

வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

படி 7: உண்ணாமலும் தாக்கும் உறவுகளைத் தேடுங்கள்

இதற்குச் செரெங்கேட்டியை விட்டு வடக்கே, கென்யாவின் லைக்கிப்பியா மேட்டுநிலத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே கரிசல் மண்ணில் ஒருவகை வேலமரம் அடர்ந்து நிற்கிறது. அதன் முட்களின் அடிப்பகுதி உள்ளீடற்ற உருண்டையாகப் பருத்திருக்கும். அதில் எறும்புகள் குடியிருக்கின்றன. மரம் தங்க இடமும் இனிப்பு நீரும் தருகிறது. கிளையை ஒடிக்க வரும் யானையின் துதிக்கைக்குள் புகுந்து எறும்புகள் கடிக்கின்றன. பல டன் எடையுள்ள விலங்கு சில மில்லிகிராம் எறும்புக்கு அஞ்சி விலகுகிறது.

மனிதப் போக்குவரத்தால் வந்து சேர்ந்த அயல் எறும்பான பெருந்தலை எறும்பு இந்தக் காவல் எறும்புகளைக் கொன்று, மரத்தைக் காவலின்றி விட்டுவிடுகிறது. அது பரவிய இடங்களில் யானைகள் மரங்களை முறிப்பது பல மடங்கு கூடியது. நிலம் திறந்த வெளியாயிற்று. பதுங்கிப் பாய்ந்து வேட்டையாடும் சிங்கத்துக்கு மறைவிடம் இல்லை; வரிக்குதிரை அதைத் தொலைவிலேயே கண்டு ஓடிவிடுகிறது. அந்த மேட்டுநிலத்தில் உள்ள ஓல் பெஜேட்டா காப்பகத்தில் 2003இல் சிங்கங்கள் கொன்றவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வரிக்குதிரையாக இருந்தது. 2020இல் அது 42 விழுக்காடாகக் குறைந்து, எருமையின் பங்கும் 42 விழுக்காடாக உயர்ந்தது. சிங்கங்களின் எண்ணிக்கை குறையவில்லை. எனவே விலங்குகளை எண்ணுவதோடு நின்றிருந்தால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

இந்தச் சங்கிலியில் எறும்பு யானையையும் உண்ணவில்லை, சிங்கத்தையும் உண்ணவில்லை. மறைவிடம், நிழல், பார்வைத் தொலைவு, மண்ணின் இறுக்கம் போன்றவற்றை மாற்றும் உயிர்களுக்குத் தனி நிற மையில் அம்புக்குறி இடுங்கள்.

படி 8: இரு தீமைகள் சேரும்போது கூடும் விளைவைக் கணக்கில் கொள்ளுங்கள்

1994இல் செரெங்கேட்டியின் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஆயிரம் சிங்கங்கள், மடிந்தன. சுற்றியுள்ள ஊர்களின் நாய்களிடையே பரவிய டிஸ்டெம்பர் வைரஸ் அதற்குக் காரணமாயிற்று. ஆனால் அதே வைரஸ் வேறு ஆண்டுகளில் சிங்கங்களிடையே பரவியபோது இத்தகைய சாவு நிகழவில்லை. இரத்த மாதிரிகளைத் திரும்ப ஆராய்ந்தபோது வேறுபாடு புலப்பட்டது. முந்தைய ஆண்டின் வறட்சியில் மெலிந்த எருமைகள் மீது உண்ணிகள் மொய்த்திருந்தன. அந்த எருமைகளைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணிகள் வழியாகப் பபேசியா என்ற இரத்த ஒட்டுண்ணி மிகுதியாகத் தொற்றியிருந்தது. வைரஸ் எதிர்ப்பாற்றலைத் தளர்த்தியதும் ஒட்டுண்ணி கொன்றது. வறட்சி, புல், எருமை, உண்ணி, ஒட்டுண்ணி, நாய், வைரஸ், சிங்கம் ஆகிய எட்டையும் ஒருசேர வைத்தால்தான் அந்த ஓராண்டின் சாவு விளங்குகிறது. ஆகவே தனித்தனி அம்புகளைக் கூட்டி மொத்த விளைவைக் கணிக்க வேண்டாம். இரண்டு அம்புகள் ஒரே உயிரில் சந்திக்கும் இடங்களை வட்டமிட்டு, அங்கே விளைவு பன்மடங்காகுமா என்று தனியே கேளுங்கள்.

படி 9: உங்களுக்கு அருகிலுள்ள புல்வெளியில் இதைச் செய்து பாருங்கள்

மேற்கண்ட முறை சிங்கம் இல்லாத இடங்களுக்கும் பொருந்தும். நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரையில் 1967இல் வெளிமான்களுக்காக அமைக்கப்பட்ட சரணாலயத்தின் புல்வெளி அதற்கு ஏற்ற ஓர் இடம். ஊருக்கு வெளியே ஆடுமாடு மேயும் புறம்போக்கும் போதுமானது. சரணாலயத்துக்குள் வேலியிடவோ எதையும் எடுக்கவோ வனத்துறையின் அனுமதி வேண்டும். பார்த்துக் குறிப்பெடுப்பதைப் பொதுவழிகளிலிருந்தே செய்யலாம்.

முதலில் மழை, மண், நீர்நிலை மூன்றையும் குறித்துவிட்டு, அங்கே எளிதில் அடையாளம் காணக்கூடிய பத்துப் பன்னிரண்டு உயிர்களை மட்டும் பட்டியலிடுங்கள். கோடியக்கரையில் அவை புல், சீமைக்கருவேலம், வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரை, மாடு, நரி, முயல், கறையான், சாணவண்டு, உண்ணிக்கொக்கு, மனிதர் என்று இருக்கலாம். மனிதரைப் பட்டியலில் சேர்க்காத வரைபடம் எந்தப் புல்வெளிக்கும் பொருந்தாது. மேய்ப்பவரும் விறகு வெட்டுபவரும் தீ மூட்டுபவரும் அந்தச் சூழலுக்குள் இருப்பவர்களே.

பின்னர் நேரடி உணவு உறவுகளை ஒரு நிறத்திலும், இடத்தை மாற்றும் உறவுகளை வேறு நிறத்திலும் வரைந்து, கூட்டல் கழித்தல் குறிகளை இடுங்கள். இப்போது ஓர் அம்பிலிருந்து கிளம்பி மூன்று அம்புகள் கடந்து எங்கே வருகிறோம் என்று பாருங்கள். சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இனிப்புக் காய்களை மேய்விலங்குகள் விரும்பித் தின்கின்றன. கடினமான விதைகள் செரிக்காமல் சாணத்தோடு புல்வெளியின் நடுவே விழுந்து முளைக்கின்றன. முளைத்தவை புதராகிப் புல்லுக்கு வெளிச்சத்தை மறைக்கின்றன. தொலைவைப் பார்த்தும் விரைந்து ஓடியும் உயிர் தப்பும் வெளிமானுக்குப் புல்லும் குறைகிறது, ஓடும் வெளியும் குறுகுகிறது. காயைத் தின்னும் விலங்கே தன் மேய்ச்சல் நிலத்தை அடைக்கும் மரத்தை விதைத்துவிடுகிறது. புல் குறையக் குறைய விலங்கு காயை இன்னும் அதிகமாக நாடுமானால், இது தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும் சுழற்சியாகும். புதரை வெட்டுவதால் மட்டும் அது நிற்காது. காய் உதிரும் பருவத்தில் விதை எந்த விலங்கின் வழியாக வருகிறது என்பதையும் அறிந்தாக வேண்டும்.

அறிவதற்கான வழி எளிது. நிலத்தில் பல இடங்களில் சாணக் குவியல்களைத் தேர்ந்து, எந்த விலங்கினுடையது என்று குறித்து, ஒவ்வொன்றிலும் முளைத்த சீமைக்கருவேலக் கன்றுகளை எண்ணுங்கள். சாணமில்லாத அதே அளவு தரையிலும் எண்ணி ஒப்பிடுங்கள். உங்கள் சொந்த நிலமாகவோ உரிமையாளரின் இசைவு பெற்ற இடமாகவோ இருந்தால், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரங்கள் சிலவற்றை முள்வேலியிட்டு அடைத்து, அவற்றுக்கு அருகிலேயே அதே எண்ணிக்கையில் அடைக்காத சதுரங்களையும் குறித்துவிடுங்கள். ஒரு வேலி போதாது; மூன்றுக்குக் குறைந்தால் இடத்தின் தற்செயல் வேறுபாட்டையும் மேய்ச்சலின் விளைவையும் பிரிக்க இயலாது. புல்லின் உயரம், வெறுந்தரையின் பங்கு, செடி வகைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை, கோடையின் உச்சத்தில் ஒரு முறை அளக்க வேண்டும். முதலாண்டின் அளவுகளைக் கொண்டு எந்த அம்பின் குறியையும் மாற்ற வேண்டாம். மழை மிகுந்த ஓர் ஆண்டும் பொய்த்த ஓர் ஆண்டும் பதிவில் வந்தபிறகே, வேலிக்குள் தெரியும் வேறுபாடு மேய்ச்சலால் வந்ததா மழையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.